செப்புக் கம்பியில் கல் பதக்கம்: கல் கழன்று விழாமல் கட்டும் முறை

கம்பி சுற்றிய பதக்கம் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் எவ்வளவு சுருளும் கொடியும் இருந்தாலும் சரி, கம்பி கல்லின் விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் உள்ளே வந்திருக்காவிட்டால், அந்தக் கல் ஒருநாள் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் மின்படிகளில் எங்காவது உருண்டோடும். கம்பி அதிகமாக இருப்பதால் கல் நிற்பதில்லை. அந்தக் கம்பி எந்த வழியாகப் போகிறது என்பதே கல்லை நிறுத்துகிறது.

அதனால் இங்கே சொல்லும் முறையில் பிடிப்பு முதலில் வருகிறது, அலங்காரம் கடைசியில் வருகிறது. பசை தேவையில்லை, பற்றவைப்பு தேவையில்லை, கல்லில் துளை போட வேண்டியதும் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம்.

கல்

முதல் முயற்சிக்கு அடி தட்டையாகவும் மேல் குவிந்தும் இருக்கும் நீள்வட்டக் கல்லை எடுங்கள். 30 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 5 முதல் 6 மி.மீ. கனம் என்றால் கைக்கு அடங்கும். பட்டை தீட்டிய சிறு மோதிரக் கற்கள் இந்த முறைக்கு ஒத்துவராது; சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கிடைக்கும் நவரத்தினக் கற்கள் பெரும்பாலும் அந்த வகைதான். குவிந்த கற்களுக்கு ரோச்சோர் பக்கம் உள்ள ஃபூ லூ ஷோ காம்ப்ளெக்ஸ் நல்ல இடம். படிகக் கற்கள் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கல்லை நேரில் பார்த்து, திருப்பி, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து வாங்க முடிகிறது. விளிம்பில் உடைசல் இருந்தால் வேண்டாம். கம்பி அழுத்தப்போவதே அந்த இடத்தில்தான்.

கல்லின் கடினத்தை அறிந்து வாங்குவது முக்கியம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் செம்பு 3, நம் கையிலுள்ள எஃகுக் குறடு சுமார் 5.5. செவ்வந்திக் கல், ஸ்படிகம் முதலான குவார்ட்ஸ் வகைகள் 7 என்பதால் குறடு லேசாக உரசினாலும் கீறல் விழாது. அகேட்டும் ஏறக்குறைய அதே உறுதி. ஃபுளோரைட் 4, மாலகைட் 3.5 முதல் 4, முத்து அதைவிட மென்மை. இவற்றில் குறடு ஒருமுறை வழுக்கினாலே தழும்பு நிலைத்துவிடும். காங்கேயம் வட்டாரத்துச் சந்திரகாந்தக் கல் நம்மவர்களுக்குப் பிரியமானது. அதன் கடினம் 6க்கு மேல் இருந்தாலும், உள்ளே பிளவுத் தளங்கள் உண்டு. ஓரத்தில் அழுத்தம் குவிந்தால் பிளந்துவிடும். அதை நன்றாகப் பழகிய பிறகு கட்டுங்கள். முதல் கல்லாக அகேட்டையே சொல்வேன். விலையும் குறைவு, பொறுமையும் அதிகம்.

கடைகளில் ‘ஓபலைட்’ என்ற பெயரில் விற்பது கண்ணாடி. மலிவாகக் கிடைக்கும் நீலப்பச்சை ‘டர்காய்ஸ்’ பல நேரம் சாயம் ஏற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல். கண்ணாடியைக் கட்டுவதில் தவறில்லை, கண்ணாடி விலைக்கு வாங்கினால் போதும். ‘கோல்ட்ஸ்டோன்’ எனப்படும் மினுமினுக்கும் பழுப்புக் கல்லும் கண்ணாடியே. அந்த மினுக்கம் உள்ளே உறைந்திருக்கும் செம்புப் படிகங்களால் வருவது. செப்புக் கம்பிக்குள் அது அமரும் அழகுக்காக அதை வாங்கலாம்.

கம்பி

கம்பிக்கடைகளில் ‘கேஜ்’ எண் சொல்வார்கள். அமெரிக்க அளவும் பிரிட்டிஷ் அளவும் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு கனத்தைத் தருகின்றன. 20 கேஜ் என்பது ஒன்றில் 0.81 மி.மீ., மற்றொன்றில் 0.91 மி.மீ. ஆகவே மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு:

- கல்லின் விளிம்பைச் சுற்றி நிற்கும் சட்டத்துக்கு 0.8 மி.மீ. கனமுள்ள கம்பி, சுமார் 1 மீட்டர்
- சட்டக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் கட்டுக்கம்பியாக 0.4 மி.மீ. கனமுள்ளது, சுமார் 1.5 மீட்டர்

இரண்டும் மென்பதமாக இருக்க வேண்டும். சதுரக் கம்பி கிடைத்தால் சட்டத்துக்கு அது இன்னும் நல்லது, அருகருகே வைத்தால் புரளாமல் படுத்திருக்கும். வட்டக் கம்பியிலும் நன்றாகச் செய்யலாம்.

சிம் லிம் டவரின் மின்னணு உதிரிபாகக் கடைகளில் சுருள் சுற்றும் செப்புக் கம்பி கிடைக்கும். அதன்மேல் எனாமல் பூச்சு உண்டு. பளபளப்பு நீண்ட நாள் நிலைக்கும், ஆனால் பிறகு கருமை ஏற்ற நினைத்தால் ஏறாது. கருமை வேண்டுமென்றால் பூச்சில்லாத வெறும் செம்பைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பாட்லைட் போன்ற கைவினைக் கடைகளில் விற்கும் வண்ணக் கம்பிகளுக்கும் பூச்சு உண்டு. பயிற்சிக்கு வீட்டு மின்வேலையில் மிஞ்சிய புதிய கம்பித் துண்டு ஒன்று போதும். 1 சதுர மி.மீ. ஒற்றைக் கம்பியின் விட்டம் சுமார் 1.13 மி.மீ., உறையை உரித்தால் உள்ளே இருப்பது நல்ல செம்பு.

கருவிகளில் குறைந்தது மூன்று வேண்டும்: வட்டமூக்குக் குறடு, பல் இல்லாத தட்டைமூக்குக் குறடு, கம்பி வெட்டும் குறடு. உள்பக்கம் வரிப்பல் உள்ள சாதாரணக் குறடு செம்பில் ஆழமாகத் தடம் பதிக்கும். அது மட்டுமே இருக்கிறது என்றால் அதன் வாயில் ஒட்டு நாடாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். இவற்றோடு சிறு அரம், அளவுகோல், ஒட்டு நாடா, முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தி, 5 மி.மீ. கனமுள்ள பின்னல் ஊசி அல்லது அதுபோன்ற குச்சி ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

கம்பியை வெட்டும்போது துண்டு பறக்கும். கண்ணாடி அணியுங்கள், வெட்டப்படும் முனையை விரலால் மூடிக்கொண்டு வெட்டுங்கள். நம் வீடுகளில் எல்லோரும் வெறுங்காலோடு நடப்பவர்கள். ஒரு தட்டின் மேலேயே வெட்டுங்கள், முடிந்ததும் ஈரத் துணியால் தரையைத் துடைத்துவிடுங்கள்.

செம்பின் குணம்

மென்பதக் கம்பி முதல் தடவை வளையும்போது விரலுக்கு இணங்கும். அதே இடத்தில் மறுபடி நிமிர்த்தி மறுபடி வளைத்தால் விறைக்கும், மேலும் தொடர்ந்தால் ஒடியும். வளைவு ஒவ்வொன்றும் உலோகத்தின் உள்ளமைப்பில் சிக்கல்களைப் பெருக்குகிறது, அதனால்தான் இந்த இறுக்கம். பழுக்கக் காய்ச்சி ஆறவைத்தால் மென்மை திரும்பும். ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குள் அந்த நெருப்பு வேலை வேண்டாம், கல் உள்ளே இருக்கும்போது எங்கேயும் கூடாது. ஒவ்வொரு வளைவையும் மனத்தில் முடிவு செய்துவிட்டு ஒரே தடவையில் வளையுங்கள். அந்த விறைப்பே கடைசியில் நமக்கு உதவுகிறது. கல்லைச் சுற்றி அமர்ந்த கம்பி இறுகிப்போய் அதே வடிவத்தில் நிற்கும்.

அளவும் வெட்டும்

ஒரு நூலைக் கல்லின் விளிம்பைச் சுற்றி எடுத்து அளந்து பாருங்கள். 30 க்கு 20 மி.மீ. நீள்வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 80 மி.மீ. வரும். இரு பக்கமும் 11 செ.மீ. மிச்சம் சேர்த்தால் ஒரு கம்பிக்கு 30 செ.மீ. அப்படி மூன்று கம்பிகள் வெட்டுங்கள். மிச்சத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கடைசிச் சுருளுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் முழு வேலையும் அரைகுறையாகத் தெரியும்.

ஒவ்வொரு கம்பியையும் மெல்லிய துணிக்குள் பிடித்து ஓரிரு முறை இழுத்து நேராக்குங்கள். அதற்கு மேல் இழுத்தால் விறைப்பு ஏறிவிடும். மூன்றையும் அருகருகே படுக்கவைத்து இரு முனைகளிலும் ஒட்டு நாடாவால் கட்டுங்கள். நடுப்புள்ளியை மார்க்கரால் குறியுங்கள். அதிலிருந்து இரு பக்கமும் 15, 29, 38 மி.மீ. தூரத்தில் குறியிடுங்கள். நடுப்புள்ளி பதக்கத்தின் அடிப்பகுதி, 15உம் 29உம் கட்டுப் போடும் இடங்கள், 38 கம்பி மேல்நோக்கித் திரும்பும் தோள். தோளை 40இல் வைக்காமல் 38இல் வைப்பது கழுத்துக்கு இடம் விடுவதற்காக.

கட்டுகள்

கட்டுக்கம்பியில் 15 செ.மீ. வெட்டி நடுக்குறியில் தொடங்குங்கள். முதல் சுற்றை ஒரு கம்பிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ், மூன்றாவதற்கு மேல் என்று பாய் முடைவதுபோல் செலுத்தித் திருப்பிக் கொண்டுவாருங்கள். வட்டக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இந்தச் சுற்று தடுக்கும். பிறகு மூன்றையும் சேர்த்து ஐந்து சுற்று, ஒன்றோடொன்று ஒட்டி வருமாறு சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நகத்தால் நெருக்கித் தள்ளுங்கள். தொடக்க முனை, கடைசி முனை இரண்டும் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும், அதுவே கல்லைத் தொடப்போகும் உள்பக்கம். அங்கே வெட்டி, தட்டைக் குறடால் அழுத்திவிடுங்கள்.

மற்ற நான்கு குறிகளிலும் இதையே செய்யுங்கள், உள்பக்கம் எது என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஐந்து கட்டுகளும் விரலால் தள்ளினால் நகரக்கூடாது. நகர்ந்தால் குறடால் மெல்ல அமுக்கி இறுக்குங்கள். கட்டு தளர்ந்தால் பின்னால் வரும் வேலை எதுவும் நிற்காது.

சட்டம்

கல்லின் அடிநுனியை நடுக்கட்டில் வைத்து, கட்டைவிரல்களால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மேல்நோக்கி அணைத்துக்கொண்டு வாருங்கள். குறடு இங்கே வேண்டாம். விரலின் சதைதான் சீரான வளைவைத் தரும். சட்டம் கல்லை நெரிக்கக்கூடாது, ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும்; பின்னால் தானாக இறுகும்.

தோள் குறி வந்ததும் கல்லை எடுத்துவிட்டு, இரு பக்கக் கம்பிகளையும் தட்டைக் குறடால் மேல்நோக்கித் திருப்பி இணையாக நிறுத்துங்கள். இப்போது ஆறு கம்பிகளும் ஒரே கற்றை. அந்தக் கழுத்தில் கட்டுக்கம்பியால் ஐந்து சுற்று போட்டு இறுக்குங்கள். கையில் இருப்பது கல்லின் வடிவிலான ஒரு வெற்றுச் சட்டம். கல்லை உள்ளே விட்டுப் பாருங்கள், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எளிதாக வெளியே வரும். இனிச் செய்வதெல்லாம் அந்த இரண்டு வழியையும் அடைப்பதுதான்.

பிடிப்பு

முதலில் பின்பக்கம். சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, இரண்டு கட்டுகளுக்கு நடுவே பின்கம்பிக்கும் நடுக்கம்பிக்கும் இடையில் வெண்ணெய்க் கத்தியின் முனையை நுழையுங்கள். கத்தியைச் சாய்த்துப் பின்கம்பியை மட்டும் உட்புறமாகத் தள்ளுங்கள். சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே வந்தால் போதும். கட்டுகளுக்கு இடையே நான்கு இடங்கள், தோளுக்குக் கீழே இருபுறமும் ஒவ்வொன்று, ஆக ஆறு இடங்களில் இப்படிச் செய்யுங்கள். வரிசையாகப் போகாதீர்கள், இடப்பக்கம் ஒன்று செய்தால் அதற்கு நேர் எதிரே வலப்பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தையே முடித்துக்கொண்டு போனால் சட்டம் கோணிவிடும்.

இப்போது கல்லை முன்னாலிருந்து வையுங்கள். பின்கம்பிகளின் மேல் அது ஆடாமல் படுக்க வேண்டும். ஆடினால் எந்த இடம் உயர்ந்திருக்கிறதோ அதை மட்டும் அமுக்குங்கள்.

அடுத்து முன்பக்கம். இதே முறை, ஆனால் கத்தி கல்லைத் தொடாமல் இருக்க வேண்டும். முன்கம்பியை முதலில் சிறிது வெளியே நெம்பி எடுத்து, பிறகு தட்டைக் குறடின் நுனியால் பிடித்துக் கல்லின் சரிவின்மேல் இழுத்து அமர்த்துங்கள். குவிந்த கல் என்பதால் முன்பக்கம் 1.5 மி.மீ. வந்தாலே போதும். கம்பி கல்லின் சரிவை முழு நீளத்துக்கும் தொட்டுக்கொண்டு கிடக்கட்டும். ஒரே புள்ளியில் முட்டினால் அந்தப் புள்ளியில் கல் உடையலாம். கம்பிகளை இழுக்க இழுக்க மொத்தச் சட்டமும் இறுகுவதை விரல் உணரும், விட்டுவைத்த இடைவெளி இங்கே கரைந்துபோகும். ஆறு இடமும் முடிந்ததும் கழுத்துக் கட்டு தளர்ந்திருக்கும். அதை அவிழ்க்காமல், இன்னும் நான்கு சுற்று மேலே போட்டு இறுக்குங்கள்.

அலங்காரத்துக்குப் போகும் முன் சோதனை. பதக்கத்தை மடித்த துண்டின் மேல் பிடித்துக்கொண்டு நன்றாக உலுக்குங்கள். பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் கல்லைத் தள்ளுங்கள், முன்னாலிருந்தும் தள்ளுங்கள். சத்தம் கேட்டால், கல் அசைந்தால், எந்த இடைவெளியில் அசைகிறது என்று பார்த்து அங்கே இன்னும் அரை மி.மீ. இழுங்கள். இந்தச் சோதனையில் தேறாத பதக்கத்துக்கு மேலே போடும் எந்தச் சுருளும் உதவாது. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

ஆறு கம்பிகளுக்கும் வேலை

கழுத்துக்கு மேலே ஆறு கம்பிகள் நிற்கின்றன: முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. முன்னவற்றை முன்னாலும் பின்னவற்றைப் பின்னாலும் மடித்து ஒதுக்குங்கள்.

நடுவிலுள்ள இரண்டும் சங்கிலி நுழையும் வளையம். அவற்றைச் சேர்த்துப் பிடித்து, 5 மி.மீ. குச்சியின் மேலாக முன்னிருந்து பின்னாக வளையுங்கள். குச்சி இடமிருந்து வலமாகக் கிடக்க வேண்டும். இதை மாற்றி வளைத்தால் பதக்கம் சங்கிலியில் பக்கவாட்டில் திரும்பித் தொங்கும். உங்கள் சங்கிலியின் கொக்கி அந்த வளையத்துக்குள் நுழைகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பின்னால் இறங்கிய இரண்டு முனைகளில் ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு சுற்றில் பின்பக்கம் முடித்து வெட்டுங்கள். கழுத்துக் கட்டை இது மூடிவிடும்.

பின்கம்பிகள் இரண்டையும் கல்லின் முதுகில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப்போகுமாறு கீழிறக்குங்கள். எதிர்ப்பக்கச் சட்டத்தில், கட்டுகளுக்கு இடைப்பட்ட வெளியில், பின்கம்பியை மட்டும் இரண்டு முறை சுற்றி முடியுங்கள். கல் பின்பக்கம் போகும் வழி இத்துடன் முற்றிலும் அடைபட்டது.

முன்கம்பிகள் உங்கள் விருப்பத்துக்கு. கோலத்தில் நெளிக்கோடு போட்ட கைக்கு இது புதிதாக இராது. வட்டமூக்குக் குறடின் நுனியில் முனையைப் பிடித்து ஒரு சிறு கண் செய்து, அதைத் தட்டைக் குறடில் பிடித்தபடியே கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்தால் சுருள் வளரும். சுருளைக் கல்லின் தோளில் படியுமாறு அமர்த்துங்கள், அப்போது அதுவும் கல்லைப் பிடிக்கும் கம்பியாகிறது. இரு சுருளும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஒன்று பெரிதாகி இடப்பக்கம் கீழே இறங்கவும் மற்றொன்று சிறிதாகக் கழுத்தருகே நிற்கவும் விடுங்கள். கல்லின் வரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ அந்தப் பக்கமே பெரிய சுருள் போனால் பார்வைக்கு இதமாக இருக்கும். கல்லின் நடுமுகத்தைக் கம்பியால் மறைக்காதீர்கள்.

முனைகள் எல்லாவற்றையும் அரத்தால் மழுக்குங்கள். பிறகு பழைய பட்டுத் துணி ஒன்றை எடுத்துப் பதக்கத்தின் மேல் எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு அணியப்போகும் புடவை சிக்குவதற்கு முன் இந்தத் துணி சிக்கட்டும்.

கருமையும் பராமரிப்பும்

சிங்கப்பூரின் ஈரக் காற்றில் வெறும் செம்பு விரைவில் மங்கும். அதை எதிர்த்துப் போராடுவதைவிட நாமே கருமையேற்றி, மேடுகளை மட்டும் துலக்குவது அழகு. பின்னலின் பள்ளங்களில் கருமை தங்கி, ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரியும். முட்டையை நன்றாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே நசுக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். முட்டை ஒட்டாதபடி பதக்கத்தை ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு அதே டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்தில் செம்பைப் பழுப்பாக்கும், இரவு முழுக்க வைத்தால் இன்னும் கருக்கும். பிறகு சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் மேடுகளைத் தேயுங்கள், கல்லைத் தவிர்த்து. முத்து, டர்காய்ஸ், ஓபல், மாலகைட் ஆகியவற்றுக்கு இந்த வேலையே வேண்டாம்.

பூசைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தில் பதக்கத்தையும் புளியில் தேய்க்கத் தோன்றும். குவார்ட்ஸ் கல்லென்றால் செம்புக்கு நல்லதுதான், பள்ளத்துக் கருமையும் சேர்ந்து போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முத்து, பவளம், மாலகைட் போன்றவற்றை அந்தப் புளிப்பு அரிக்கும். அவற்றுக்கு உலர்ந்த மென்துணியே போதும்.

வியர்வை பட்ட செம்பு தோலில் பச்சைக் கறை விடும். செம்பின் உப்புகளே அந்தப் பச்சை, சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும். கறை பிடிக்காதவர்கள் உடைக்கு மேலே தொங்கும் நீளத்தில் கயிறு கட்டிக்கொள்ளலாம், அல்லது பின்பக்கத்துக்கு நுண்படிக மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவித் துணியால் தேய்த்துவிடலாம். தேய்ந்துபோனால் மறுபடி தடவ வேண்டும். நீச்சல் குளத்துக்கு அணிந்து போக வேண்டாம். கழற்றியதும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள்.

இதே முறையில் கனமான கல்லைக் கட்ட விரும்பினால் சட்டக் கம்பியை நான்காக்குங்கள். விளிம்பு 3 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கும் கல்லுக்கு மூன்று கம்பியின் அகலம் போதாது, முன்கம்பி சரிவை எட்டாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். அப்போது நடுவிலிருந்து நான்கு முனைகள் மேலே வரும். வளையத்தை நான்கு கம்பிகளால் அகலமாக அமைத்தால், கல்லின் எடைக்கு ஏற்ற தாங்குதிறன் கிடைக்கும்.